தயங்காத வாய்

தமிழில் அவனுக்கு வாய் ஓயாது. பெயின்ட் தொழிற்சாலையில் எல்லோரும் அவனை வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் வாக்கி டாக்கியில் இங்கிலீஷ் கேட்டுவிட்டால் போதும், அந்த வாய் கப்சிப். கன்ட்ரோல் ரூம்காரர்கள் வேறு பாஷைக்காரர்கள். அவர்களிடம் இங்கிலீஷில்தான் பேசியாக வேண்டும். கலவைத் தொட்டிக்குள் ஒருவர் சுத்தம் செய்ய இறங்கினால், மேலே ஒருவன் வாக்கி டாக்கியோடு நிற்பான். கீழே ஆள் இருக்கிறது, மோட்டாரைப் போடாதே என்று சொல்வது அவன் பொறுப்பு. அந்த இடத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வாயாடி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தான்.

வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. டீச்சர் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே பந்தை வீசுவார். பிடித்தவர் அதைத் திருப்பி எறிவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். இழுத்தால் அவுட்.

"தப்பா சொன்னாலும் பரவால்ல, நிறுத்தாம பேசுங்க," என்பார் அந்த அம்மா. கூச்சம் போவதற்கு நல்ல வழிதான், அவரைக் குறை சொல்ல முடியாது. வகுப்பறையில் தப்பான பதிலால் யாரும் சாவதில்லை.

நம்மாள் கெட்டிக்காரன். கேள்வி புரியாவிட்டாலும், "எஸ் மேடம், ஷ்யூர், ஆல் ஓகே!" என்று சிரித்த முகத்தோடு அடித்துவிடப் பழகிக்கொண்டான். வகுப்பே கைதட்டியது. சூப்பர்வைசரும் அவன் பேச்சில் மயங்கி வாக்கி டாக்கியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அன்று தொட்டிக்குள் இறங்கியது அவன் மனைவியின் அண்ணன்.

"மாப்ள, நீ மேல நிக்கிற தைரியத்துலதான் இறங்குறேன்."

"சும்மா இறங்குங்க மச்சான். நான் இருக்கேன்ல."

தொட்டியின் அடியில் ஆள் உயரத்துக்கு மோட்டாரில் சுற்றும் இரண்டு இரும்புத் துடுப்புகள். அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து மச்சான் காய்ந்த பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வாக்கி டாக்கி பேசியது. நீளமான கேள்வி, ரயில் வேகம். 'மோட்டார்' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் சூப்பர்வைசர் பக்கத்திலேயே கை கட்டி நின்றிருந்தார்.

"எஸ் சார், ஷ்யூர், ஆல் ஓகே!"

சூப்பர்வைசர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

கீழே சுரண்டும் சத்தத்தோடு ஓர் உறுமலும் சேர்ந்தது. வாயாடி தொட்டியின் விளிம்பில் குனிந்து கத்தினான்.

"மச்சான்! ஏறுங்க! ஏறுங்க!"

மச்சான் ஏணிக்குத் தாவினார். துடுப்பு மெல்ல அரைச் சுற்று சுற்றி, அவர் விட்டுவந்த தகர வாளியைச் சுவரோடு வைத்து நசுக்கியது. பிறகு மோட்டார் நின்றுவிட்டது. ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மச்சான் மேலே ஏறி வந்தார். "எப்படி மாப்ள ஓடுச்சு? நீ சொல்லலையா?"

உண்மையைச் சொன்னால் வாக்கி டாக்கி போய்விடும். அது போகட்டும், வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது?

"தெளிவாச் சொன்னேன் மச்சான், உள்ள ஆள் இருக்குன்னு. கன்ட்ரோல் ரூம்காரனுக்குத்தான் இங்கிலீஷ் புரியல."

பாவி, இதையும் தங்குதடையில்லாமல் சொன்னான். மச்சான் கண் கலங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை நீ இருந்த. வேற எவனாவது நின்னிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். இனிமே நீ நின்னாதான் இறங்குவேன்."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார். அடியில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. இன்றைக்கே முடித்தாக வேண்டிய வேலை. ஏணியில் மறுபடி கால் வைத்தார்.

வாக்கி டாக்கி கரகரத்தது. மறுபடியும் ஒரு கேள்வி, முன்னதைவிட நீளம். வாயாடிக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. இப்போது திருப்பிக் கேட்டால், புரியாதது யாருக்கு என்று மச்சானுக்குத் தெரிந்துவிடும்.

மச்சான் பாதி ஏணியில் நின்று அவனை அண்ணாந்து பார்த்தார். "என்ன மாப்ள கேக்குறான்?"

"ஒண்ணுமில்ல மச்சான். நீங்க இறங்குங்க."