ஆணியில் தொங்கிய கோட்டு

மீன் கடையை நடத்தியவர்கள் இரண்டு ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். கடைக்குப் பின்னால் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு குளிர் அறை. உள்ளே போக இருவருக்கும் ஒரே கம்பளிக் கோட்டு. அது கதவருகே ஆணியில் தொங்கினால் உள்ளே ஆள் இல்லை. ஆணி வெறுமையாக இருந்தால் உண்டு. எழுதி வைக்காத சட்டம் அது.

கடை மூடும் மதிய நேரம். பெரியவள் ஷட்டரை இழுக்க வாசலுக்குப் போனாள். ஒரு பெட்டி இறால் வெளியே கிடந்தது. "ஒரு பெட்டிக்கு எதுக்கு இந்த மூட்டை?" என்று கோட்டைத் தொடாமல் சின்னவள் உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பெரியவள் வந்தாள். கோட்டு ஆணியில் தொங்கியது. சின்னவள் பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்து, குளிர் அறை விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டு, மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள்.

கண்ணுகளா, அந்த இருட்டு நம் வீட்டு இருட்டு மாதிரி இல்லை. குளிர்காற்றை வீசும் காற்றாடியின் இரைச்சலில் சின்னவளின் கத்தல் அவள் காதுக்கே எட்டவில்லை. உள்ளிருந்து திறக்கும் குமிழ் கழன்று போய், "நாளைக்கு ஆள் வரும்" என்பதிலேயே நின்றிருந்தது. கதவை அடித்த கை மரத்தது. பல் கிடுகிடுத்தது. பிறகு கிடுகிடுப்பு குறைந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. உட்காரலாம் போல் இருந்தது. உட்கார்ந்தால் எழமாட்டோம் என்று தெரிந்தது.

அப்போது போன மாதம் வாங்கிய வசவு நினைவுக்கு வந்தது. அன்று வெயிலில் கிடந்து சூடு ஆறாத பெட்டி ஒன்றைக் காற்றாடிக்குக் கீழே வைத்திருந்தாள். அறையின் சூட்டை அளக்க அங்கே எலிவால் மாதிரித் தொங்கும் கம்பி, அறையே சூடாகிவிட்டது என்று எண்ணிக்கொள்ள, மாடியில் மணி அலறியது. "சரக்கைக் கொல்லப் பாத்தியேடி!" என்று பெரியவள் நாள் முழுக்கத் தாளித்தாள்.

சின்னவள் சுவரைத் தடவித் தடவிப் போனாள். பெட்டி மேல் ஏறிக் கம்பியைப் பிடித்தாள். ரவிக்கைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டாள். சூடு மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். மணி அடிக்கிறதா இல்லையா, அவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடாமல் நின்றாள்.

பூட்டு கலகலத்தது.

"எவடி மறுபடியும் சூட்டுப் பெட்டியை உள்ள வச்சுட்டு..." சோற்றுக் கையோடு நின்ற பெரியவளின் குரல் அறுந்தது. "ஐயோ! கோட்டு ஆணியில தொங்குச்சேடி!"

இழுத்து வெளியே போட்டுக் கோட்டைச் சுற்றி, தன் உடம்போடு அணைத்துத் தேய்த்தாள். "மீன் கெட்டுடுமேன்னுதான்டி ஓடி வந்தேன், பாவி நான்!"

வெகுநேரம் கழித்துச் சின்னவளுக்கு வாய் திறந்தது. "தெரியும்க்கா. அதான் மணியை அடிக்க வச்சேன். என்னைக் காணோம்னா... சாப்பிட்டுட்டுத்தான் தேடுவீங்க."

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் குமிழ் மாட்ட ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். பூட்டும் நேரம் பெரியவள் சாவியோடு நின்றாள். கோட்டு ஆணியில் இருந்தது.

"உள்ள யாரு?" என்று அறைக்குள் கத்தினாள்.

"அக்கா, நான் இங்க உங்க பக்கத்துலதான் நிக்கிறேன்."

பெரியவள் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை கத்தினாள்.