மூன்று மணி மீசை

எதிர் வீட்டுச் சமையலறைக்கு நடுவே சுவர் எழுப்பப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், சல்லடை இரவல் கேட்கும் சாக்கில் போய் நின்றேன். என் வீட்டில் மூன்று சல்லடை இருக்கிறது. அது வேறு விஷயம்.

அங்கே ஓரகத்திகள் இருவர். மூத்தவளின் மாவு டின்னில் வண்டு. இளையவள் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த டின்னிலும் வண்டு. "உன் டின்னுல இருந்துதான்டி இங்க வந்துச்சு" என்று ஒரு வாரமாக மூத்தவள் தொண்டை கிழியக் கத்தினாள். அந்தச் சந்தேகத்தை அவள் காதில் போட்டது யார் என்று கேட்காதீர்கள். கொத்தனார் தரையில் சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டார். சுவர் வந்தால் ஒரே ஜன்னல் மூத்தவள் பக்கம். இளையவளோ காலையில் அந்த ஜன்னலடியில்தான் தலை வாரிக்கொண்டு முணுமுணுவென்று பாடுவாள். எனக்குத் தெரியாதா, எதிர் ஜன்னல் என்னுடையதாயிற்றே.

அந்த வீட்டு மாடியில் குடியிருக்கும் பூச்சிக்காரர், மியூசியத்தில் செத்த வண்டுகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிறவர், மைக்ராஸ்கோப்போடு இறங்கி வந்தார். டின்னுக்கு ஒன்றாக இரண்டு வண்டுகளைக் கொஞ்சம் மாவோடு அதன் அடியில் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?" என்றேன்.

"மீசையப் பாருங்கக்கா."

குனிந்தேன். வீடும் சண்டையும் எங்கோ போயின. வெள்ளை மணல்மேடுகள். மெருகேற்றிய சின்ன மரப்பெட்டி போல ஒன்று அசைந்து ஏறியது. மீசை நுனியில் திடீரென்று மூன்று தடித்த மணிகள். பக்கத்தில் அச்சு அசலாக இன்னொன்று. அதன் மீசை மட்டும், தூரத்தில் யாரோ நடந்து வரும் ஓசை போல, நுனியை நோக்கி மெல்ல மெல்லத் தடித்தது.

"அக்கா, எங்களுக்கும் கொஞ்சம் விடுங்க" என்றாள் இளையவள். எவ்வளவு நேரம் அங்கிருந்தேனோ.

"மெல்லத் தடிக்கிறது சின்னக்கா டின்னுது. ரெக்கை இருந்தும் பறக்காது" என்றார் பூச்சிக்காரர். "மூணு மணி மீசை பெரியக்கா டின்னுது. சொந்தந்தான், ஆனா வேற இனம். அதுலேருந்து இது வராது. இது பறக்கும், ஜன்னல் வழியா வந்திருக்கும்."

மூத்தவள் கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"உன்னுது அழகா இருக்குடி" என்றாள் கடைசியில். காலால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே.

"ஜன்னல் வழியான்னா, எங்கேருந்து?" என்றாள் இளையவள்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே என் ஜன்னல், எப்போதும் போல 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

சல்லடையை மறந்து வீட்டுக்கு வந்து மாவு டின்னைத் திறந்தேன். வெயில் கீற்றில் ஒன்று சிறகு விரித்து மிதந்தது. மீசை மணிகளை எண்ண வேண்டியிருக்கவில்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டேன். இப்போது அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் கேட்கவே மாட்டேன் என்கிறது.