ஏழு ஒன்றுகள்

கடைசி வரியைக் கழித்துக் கோடு இழுத்ததும் கீழே சைபர் வந்தது. புறவாசல் சுவருக்கு முன்னால், கையில் கரித்துண்டோடு ஆனந்தவள்ளி அப்படியே நின்றாள். மறுபடி பெருக்கிப் பார்த்தாள். சைபர்தான்.

பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. ஐந்தருவிக்குப் போகிற வழியில் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சோளம் சுட்டு விற்ற நாட்களில், கூட்டமில்லாத ஒரு மழை மதியம், ஆறுமுகநயினார் அட்டைப்பெட்டியில் எழுதிக் காட்டிய எண் அது.

"பாருட்டி, ஏழு ஒண்ணும் எப்படி விறைப்பா நிக்கானுவ. எந்த நம்பரால வகுத்தாலும் மிச்சம் வரும்."

"மிச்சமில்லாம வகுத்துக் காட்டுனா?"

"நீ வகுக்குத வரைக்கும் நான் சாவமாட்டேன், போ."

போனில் கணக்குப் போட்டால் ஆட்டம் செல்லாது என்று பேச்சு. மூன்றில் போகாதது ஆறிலும் ஒன்பதிலும் போகாது என்று தெரிந்தபின் அவளுக்குப் பாதி வேலை குறைந்தது. ஆனாலும் சோளம் விற்கிற அவசரத்தில் ஆட்டம் அங்கங்கே நின்றுபோயிருந்தது. தென்காசி ஆஸ்பத்திரியில், "இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி அவரை அனுப்பியதிலிருந்து, தினமும் காலையில் ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்து அவரிடம் மிச்சத்தைச் சொல்வாள்.

"அப்ப இன்னைக்கும் இருக்கேன்" என்பார் அவர்.

பக்கத்து வீட்டு சாஜிதா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, அண்ணாச்சி ஒரு வாய்கூட இறக்கல. உங்களத்தான் கேக்காவ."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்னைக்கு எந்த நம்பரு?"

"இருநூத்து முப்பத்தொம்பது."

அவர் அவளையே பார்த்தார். தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"மிச்சம்?"

"ஆறு."

"நல்லாப் பாத்தியா? ஒனக்குக் கழித்தல்னாலே தகராறு."

"ரெண்டு தரம் பாத்தாச்சு. பேசாமப் படுங்க."

உதட்டின் ஒரு ஓரம் மட்டும் கோணியது. துடைத்தும் போகாத கரியோடு இருந்த அவள் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப சரி. இன்னைக்கும் இருக்கேன்."

மழை வலுத்த மதியத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. சாஜிதாதான் வந்து மெதுவாகப் பிரித்துவிட்டாள்.

சாயங்காலம் கடையத்திலிருந்து நாத்தனார் முருகம்மாள் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் புறவாசலுக்கு வந்தவள் சுவரைப் பார்த்தாள்.

"என்ன மதினி, செவுரெல்லாம் கரி? நாலு பேரு வார எடம். தொடச்சிரட்டுமா?"

"இருக்கட்டும்."

முருகம்மாள் குடத்தோடு உள்ளே போனாள். ஆனந்தவள்ளி குனிந்து கரித்துண்டை எடுத்தாள். ஈரச் சுவரில் முதலில் பிடிக்கவில்லை. அழுத்தி, சைபரின் தலையில் வளைத்து ஒரு கோடு இழுத்தாள். ஆறு ஆயிற்று.