ரூஃபஸைத் தூக்க ஆறு பேர்

"உங்கப்பா என்ன நம்பர்?" என்று ஆறாம் வகுப்பில் ஒருத்தி வெர்லீனிடம் கேட்டாள். ஹார்லன் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஆடிய எல்லோருக்கும் முதுகில் ஒரு நம்பர் உண்டு. அவளுடைய அப்பா ரூஃபஸ் ஆடியவர் இல்லை. நாற்பத்து மூன்று வருடம் அந்த அணியின் துணிகளைத் துவைத்தவர்.

இன்று அவருடைய சவப்பெட்டியின் மேல் பூக்களை அடுக்கும்போது ஏனோ அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

"ஆறு பேர் வேணும், தூக்க நாலு பேருதாம்மா இருக்கோம்," என்றார் பாஸ்டர். "அதுலயும் எனக்கு முட்டி வலி."

டெஸ்ஸி அத்தை பல்லைக் கடித்தாள். "அக்டோபர் சனிக்கிழமையில யாராச்சும் அடக்கம் வெப்பாங்களாடி? ரெண்டரைக்கு மேட்ச். இந்த ஊருல கல்யாணத்தயே தள்ளி வெப்பாங்க!"

"ஆட்டமில்லாத வாரம்னு நெனச்சுட்டேன், அத்தை."

"ரூஃபஸ் பொண்ணு பேசுற பேச்சா இது?"

"சக்கர வண்டியில வெச்சுத் தள்ளிடலாமே," என்றார் சவ ஊர்தி ஓட்டுநர். பலசரக்கு மூட்டையைப் போலவா அப்பாவைத் தள்ளிக்கொண்டு போவது?

அப்போது வாசலில் ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி நின்றார்.

"எழுபத்திரெண்டும்மா. அறுபத்தொம்பதாம் வருஷம்."

அவளுக்குப் புரியவில்லை. அவருக்குப் பின்னால் மலை மாதிரி ஒருவர். "ஐம்பத்தஞ்சு. எழுபத்தொண்ணு." முதல் கோப்பை வென்ற வருடம் அது. அதற்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர். ஆட்டக்காரப் பையன்களின் பெயரை அப்பா சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஒவ்வொருவனுடைய சாக்ஸும் பனியனும் நம்பர் போட்ட துணி வாரில் கோத்துத்தான் அவர் கைக்கு வரும். அந்த நம்பர்தான் அவருக்குப் பெயர்.

வந்தவர்களின் வரிசை, கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போயிருந்தது.

"இருபத்திரெண்டா நீ?" என்று ஒருவர் இன்னொருவரை முறைத்தார். "எங்காலத்துல, எம்முதுகுல இருந்தப்ப, அது நல்ல நம்பரா இருந்துச்சுப்பா."

"உங்க காலத்துல எதிராளிங்க நடந்துதானே வந்தாங்க, அண்ணே!"

சிரிப்பு எழுந்து, பெட்டியைப் பார்த்ததும் அடங்கியது. ஐம்பத்தைந்து அவளருகே குனிந்தார். "ரத்தமா இருமிக்கிட்டிருந்தேன். யாருக்கும் சொல்லல. உங்கப்பாதான் என் துண்டப் பாத்துட்டு, காத புடிச்சு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாரு."

வெர்லீன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குச் சோப்பு வாசனையோடு வந்து பேசாமல் சாப்பிட்ட ஒருவரின் பின்னால், அணி வென்ற ஐந்து கோப்பைகளும் கோட்டு போட்டுக்கொண்டு நின்றன.

ஆறு பேர் தூக்கினார்கள். கல்லறைக்குப் போகும் பாதையில் ஒருவர் காலடிகளை எண்ணி, ஆட்டத்தில் அளப்பது போலவே "பத்து கெஜம்!" என்று குரல் கொடுத்தார். உடனே வேறு ஆறு பேர் கைப்பிடியை வாங்கிக்கொண்டார்கள். மறுபடி பத்து கெஜம். மறுபடி ஆறு பேர். பெட்டி ஒருமுறைகூடத் தரையைத் தொடவில்லை. பாஸ்டர் தன் முட்டியை மறந்து முன்னால் ஓடினார்.

குழிக்குள் இறக்கும்போது கல்லூரி மைதானத்தில் வழக்கப்படி பீரங்கி வெடித்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

எல்லோரும் போன பிறகும் ஐம்பத்தைந்து குழியோரம் மண்டியிட்டிருந்தார். எழுந்தபோது கால்சட்டையின் இரண்டு முழங்காலிலும் ஈரச் செம்மண். வெர்லீன் கைக்குட்டையை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, மைதானத்து அழுக்கை ரூஃபஸிடமே விட்டுப் பழகியவர் போல, துடைக்காமலே நடந்து போய்க் காரில் ஏறினார்.