சுற்றாத வால்

ஜாகர் சிங்கின் உடம்பில் ஓடுவது ரத்தமா டீசலா என்று அவர் மனைவிக்கே சந்தேகம் உண்டு. ஒரு சொட்டு வீணானால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அவருடைய அறுவடை மிஷினின் பின்னால், வைக்கோலை நறுக்கி வயலெங்கும் சிதறடிக்கும் கருவி மாட்டியிருந்தது. ஊரில் அதற்கு வால் என்று பெயர். வால் இல்லாத மிஷின் வயலில் இறங்கக்கூடாது என்பது அரசு உத்தரவு. ஆனால் வால் சுற்றினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும். ஜாகர் சிங் வாலைச் சுற்றவைக்கும் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். அதிகாரி வந்து எட்டிப் பார்த்தால் வால் இருக்கிறதா, இருக்கிறது. ஆளை விடு!

அன்று அவர் இறங்கியது அண்ணி சிந்தர் கௌரின் ஐந்து ஏக்கரில். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு நிலத்தை அவளேதான் பார்க்கிறாள். போன வருடம் அவள் நெல் தாளுக்குத் தீ வைத்தபோது, புகையில் கண் தெரியாமல் ஸ்கூட்டரோடு வாய்க்காலில் விழுந்த புண்ணியவான் நம் ஜாகர் சிங்தான். "என்னைக் கொல்லப் பாத்தாங்க" என்று குருத்வாராவிலேயே ஒப்பாரி வைத்தார். அண்ணி எழுந்தாள். இனி என் நிலத்தில் தீ வைக்கமாட்டேன் என்று ஊர் முன்னால் சத்தியம் செய்துவிட்டாள்.

நாளைக் காலை ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் விதைப்பு மிஷின் அவளுக்கு. ஒரே நாள்தான். தவறினால் அடுத்த முறை மூன்று வாரம் கழித்து. அதற்குள் கோதுமைக்குப் பருவம் போய்விடும். வைக்கோல் சீராகப் பரவிக் கிடந்தால் அந்த மிஷின் அதன் நடுவிலேயே விதைத்துக்கொண்டு போகும். குவிந்து கிடந்தால் சிக்கி நின்றுவிடும். இதெல்லாம் ஜாகர் சிங்குக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கடைசியில் எரிக்கத்தானே போகிறாள், எல்லோரும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு ஏக்கர் முடிந்தபோது அண்ணி டீத்தூக்கோடு மிஷினுக்குப் பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்தாள்.

"வால் சுத்துதா தம்பி?"

"ஜோரா சுத்துது அண்ணி!"

"அப்புறம் ஏன் வைக்கோல் வரிசை வரிசையா குவிஞ்சு கெடக்கு?"

"காத்து அண்ணி. காத்து குவிச்சிருக்கும்."

"ஓஹோ! என் துப்பட்டாவைப் பாரு. பாலா வெளுத்திருக்கு. வால் சுத்தினா பின்னால வந்தவ தலையில ஒரு தூசியாச்சும் விழுந்திருக்க வேணாமா? பெல்ட்டு எங்க?"

"வீட்ல... எருமைக்குத் தீவனம் வெட்டுற மிஷின்ல."

வரப்பில் நின்ற இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஸ்கூட்டரை எடுத்துட்டு வரவா சித்தப்பா? வாய்க்கால் அங்கேயேதான் இருக்கு!"

அண்ணி சிரிக்கவில்லை. தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள். "நான் சத்தியம் பண்ணியிருக்கேன். நீ பண்ணலையே. நீயே வை."

ஒரு கணம், வைத்துவிட்டால்தான் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"பெல்ட்டை எடுத்துட்டா எருமைக்கு யாரு வெட்டுறது?" என்றாள் மனைவி.

"நான்தான், கையாலயே. போதுமா?"

மீதி மூன்று ஏக்கரில் வால் பேயாய்ச் சுற்றியது. ஏற்கெனவே குவிந்த இரண்டு ஏக்கரைக் கவைக்கோலால் கிளறிப் பரப்ப வேண்டியிருந்தது. அண்ணி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பொழுது சாயும்போது அவருக்கு இடுப்பே கழன்றுவிட்டது. ஆனால் வயல் முழுக்க ஒரே சீராக இருந்தது. அண்ணியின் துப்பட்டா வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தது.

"டீயைச் சுட வைக்கலாம்" என்று ஜாகர் சிங் நாலு சுள்ளியை அடுக்கிவிட்டு, பையிலிருந்த தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு குச்சிகூட இல்லை.

"காலிப் பெட்டியையா குடுத்தீங்க?"

"பின்னே? உன்னை நம்பிக் குச்சியோட குடுப்பேனா?"

ஆறிய டீயையே அவர் ஒரே மடக்கில் குடித்தார்.