இடது கண்ணின் ஈரம்

கடைசித் திருகாணியும் கழன்றது. பெட்டியின் மூடியை இருவருமாகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

அல்பெர்டாவுக்கு வயது அறுபத்தாறு. ஹாலந்தின் டெவென்டர் நகரத்து அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் சீர்செய்பவள். இன்னும் ஏழு வாரத்தில் ஓய்வு. அவள் முதுகு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது.

பெட்டிக்குள் கெரிட் மாமா. 1641-இல் வரையப்பட்ட கிழவர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. இது ஊழியர்கள் வைத்தது. நரைத்த தாடி, விலங்கு ரோமக் கழுத்துப்பட்டி, இடது கண்ணோரம் ஒரு துளி ஈரம். அந்த ஈரத்துக்காகத்தான் கூட்டம் வரும். கீழே கடையில் விற்கும் காபிக் கோப்பையிலும் அந்தக் கண்தான்.

நான்கு மாதம் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக் கண்காட்சியில் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினார். கூடவே வந்தவன் வான்னெஸ், அந்த ஊர் அருங்காட்சியகத்து ஆள். வந்த பெட்டியை ஒரு நாள் திறக்கக் கூடாது. அறையின் வெப்பத்துக்குப் படம் பழக வேண்டும். அந்த ஒரு நாளும் அவன் தூங்கியதாகத் தெரியவில்லை.

"வந்ததுலேர்ந்து ஒரே ஒரு பிஸ்கட். எடுத்த உடனே டப்பாவ மூடிட்டீங்க. ஹாலந்துக்காரங்க கஞ்சத்தனம்னா சும்மாவா, மேடம்!" என்றான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

"வாய மூடிட்டு லைட்டப் பிடி, பெல்ஜியத்துக்காரா."

பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். நெற்றி, சரி. மூக்கு, சரி. இடது கண்...

ஈரத்தைக் காணோம்.

"வான்னெஸ்."

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினான். உள்ளே குச்சியில் சுற்றிய பஞ்சு.

"பெட்டியில வைக்கறப்ப கண்ணோரமா தூசி மாதிரி தெரிஞ்சுது. பஞ்ச எச்சில்ல நனைச்சு ஒரே ஒரு தடவ தொட்டேன். நாம எல்லாரும் செய்யறதுதானே மேடம்? கையோட வந்துருச்சு." குப்பியை மேசையில் வைத்தான். "யார்கிட்டயும் சொல்லல. இந்த வேலைய விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது."

பஞ்சை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்தாள். வெண்மையாய் ஒரு தீற்றல்.

கிட்டத்தட்ட நானூறு வருடம் இறுகிய எண்ணெய் வண்ணம் எச்சிலுக்குக் கரையாது. தண்ணீர் வண்ணம் கரையும்.

கதவு திறந்தது. அருங்காட்சியக இயக்குநர் ரெய்னிர்.

"மாமா சுகமா வந்து சேர்ந்தாரா?" குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். "கண்ணீர் எங்க?"

வான்னெஸ் தலை கவிழ்ந்தது. ரெய்னிர் பஞ்சைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், போனை எடுத்தார்.

"இனிமே எந்த மியூசியத்துலயும் இவன் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது."

ஏழே வாரம். அல்பெர்டா வாயைத் திறக்காவிட்டால் போதும். கேக் வெட்டுவார்கள், பூங்கொத்து தருவார்கள், முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பிழைகூட இல்லை என்று பேசுவார்கள். எத்தனையோ வருடமாகச் சும்மா இருந்தவள்தானே?

சும்மா இருந்தே அலுத்துவிட்டது.

"போன உள்ள வை, ரெய்னிர். அது நான் வெச்ச பெயின்ட்."

"விளையாடாத, அல்பெர்டா."

"தொண்ணூத்தெட்டுல. அந்த எடம் தேய்ஞ்சிருந்துச்சு. மறுநாள் திறப்பு விழா. தண்ணிக் கலர்ல ஒரு புள்ளி வெச்சேன், அப்புறமா துடைச்சிட்டு ஒழுங்கா செய்யலாம்னு. ஃபைல்லகூட எழுதல. விழா முடிஞ்சதும் பேப்பர்ல 'அழும் கிழவர்'னு போட்டுட்டாங்க. நீயும்தான் அந்தக் கண்ணீரப் பத்திப் பதினாறு பக்கம் எழுதுன."

ரெய்னிர் நாற்காலியில் சரிந்தார். "பதினெட்டு," என்றார். பிறகு, "திரும்ப வெச்சிரேன். ஒரு புள்ளிதானே? இங்க மூணு பேர்தான் இருக்கோம்."

"இன்னொரு இருபத்தஞ்சு வருஷம் இவர அழ வைக்க எனக்குத் தெம்பில்ல."

பரிசோதனைத் தாளை இழுத்து எழுதினாள்: 'இடது கண்ணோரம் 1998-இல் நான் வைத்த தண்ணீர் வண்ணம். பதிவு செய்யவில்லை. இப்போது நீங்கிவிட்டது. மூல ஓவியத்துக்குச் சேதம் இல்லை.' கையெழுத்திட்டாள்.

"யாரு துடைச்சாங்கன்னு போடலியே?" என்றார் ரெய்னிர்.

"என் அழுக்கு. யார் துடைச்சா என்ன?"

வறண்ட கண்ணோடு கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை எல்லாம் இல்லை. ஓவியனுக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்து கால் மரத்துப்போனவர், எப்போது விடுவார்கள் என்று கேட்கும் முகம். அவ்வளவுதான்.

அல்பெர்டா பிஸ்கட் டப்பாவை வான்னெஸ் பக்கம் தள்ளினாள். மூடியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.