காற்றுக்குழாய் போன வழி

அப்பாவின் வாளியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவதுதான் அந்த வருஷம் தினமும் என் முதல் வேலை. எங்கள் வீட்டில் கக்கூஸ் மாடியில் மட்டும். வாசல் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அப்பா மாடி ஏறுவதில்லை. சாப்பாட்டு அறையில் அவருக்குக் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட நாற்காலி, அதற்குக் கீழே வாளி. உட்காருவது அவர், சுமப்பது நான். படியில் தளும்பாமல் ஏறுவதற்கு ஒரு நடை உண்டு. அதைக் கற்றுக்கொண்டேன் என்பதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

சமையலறையை ஒட்டிய சாமான் அறையை பாத்ரூம் ஆக்கிவிடலாம் என்று சொன்னவள் நான்தான். ஒரு பிளம்பரைக் கூப்பிட்டால் ஒரே வாரத்தில் முடித்துவிடுவான். ஆனால் டுலூத் நகரத்துக்கு வடக்கே எங்கள் ஊர்ப்பக்கம் சொந்த வீட்டுக்குக் குழாய் போட ஆள் கூப்பிடுகிறவனைப் பற்றி மற்ற ஆண்கள் சர்ச் வாசலில் இளக்காரமாகப் பேசிக்கொள்வார்கள். சட்டமும் வீட்டுக்காரர் தானே போட்டுக்கொள்ள விடுகிறது. சுவரை மூடுவதற்கு முன் நகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்தால் போதும். அப்பா மளிகைக்கடைக் காகிதப் பையைக் கிழித்து விரித்து, தச்சுப் பென்சிலால் வரைய ஆரம்பித்தார். கமோடு இங்கே, ஷவர் அங்கே, கழிவுக்குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு. ஒரு குளிர்காலம் முழுக்க வரைந்தார். வாளி ஏறிக்கொண்டே இருந்தது.

வசந்தத்தில் ஆய்வாளர் கிவெலா வந்தார். நல்ல மனிதர், காப்பி குடிக்காமல் எதையும் பார்க்கமாட்டார். காகிதப் பையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"எல்லாம் சரி ஆர்வின். காத்து எந்த வழியா வருது?"

அப்பா பையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கிவெலா எனக்குத்தான் விளக்கினார். கழிவுக்குழாயில் தண்ணீர் இறங்கும்போது பின்னாலிருந்து காற்று வர வேண்டும். வராவிட்டால் சிங்குக்கு அடியில் உள்ள வளைவில் நிற்கும் தண்ணீரையும் அது உறிஞ்சி இழுத்துவிடும். அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஒரு குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போயாக வேண்டும். அதுவும் பருமனான குழாய். எங்கள் குளிருக்கு ஒல்லிக் குழாயின் வாய் உறைபனியில் அடைத்துப்போகும்.

"நேரா மேல ஏத்திருங்க. ஒரு வளைவுகூட வேணாம். மேல இருக்கற அலமாரி மூலைல போயிடும், கண்ணுக்கே தெரியாது."

"அது ட்ராயோட ரூம்," என்றார் அப்பா.

"அவருதான் இங்க இல்லியே."

"வருவான்ல."

ட்ராய் என் தம்பி. ஃபீனிக்ஸில் நீச்சல்குளம் விற்கிறான். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவன் மறுநாளே விமானம் ஏறினான். அதற்கப்புறம் வரவில்லை. அவன் அறை மட்டும் அவன் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடிய காலத்தில் இருந்தபடியே நிற்கிறது. கோப்பைகள், மட்டைகள், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு ஜெர்சி. வாரா வாரம் தூசி தட்டுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

கிவெலா தலையைச் சொறிந்தார். "வேற வழின்னா, சிங்க் விளிம்புக்கு மேல ஏத்தி, சீலிங்ல பக்கவாட்டுல திருப்பி, அந்தப் பக்கத்து ரூம் வழியா விடலாம். ஆனா அங்க உத்தரம் இடிக்கும். சுவத்த விட்டுத் தள்ளித்தான் குழாய் நிக்கும். அந்த ரூம்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல," என்றார் அப்பா.

நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். "அப்பா, அதுல நான் இருக்கேன்."

"நீ தற்காலிகமாத்தானேம்மா இருக்கே."

அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள வந்தவள் நான். அம்மா போய், அப்பா விழுந்து, வாளியும் வந்துவிட்டது. இவ்வளவு வருஷத் தற்காலிகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கிவெலா காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானே ட்ராய்க்குப் போன் போட்டு, அப்பாவின் கட்டில்மேல் ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அந்தக் கப்பெல்லாம் இன்னுமா வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடு மார்லிஸ். அலமாரிய உடைச்சுக்கோ, என்ன வேணா பண்ணிக்கோ. எனக்கு அந்த ரூமே மறந்துபோச்சு. சரி, ஆள் வந்துட்டாங்க, வைக்கட்டுமா?"

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் நான் துள்ளினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே அட்டைப்பெட்டிகளை மேலே கொண்டுபோய்க் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கினேன்.

காலையில் வாளியை எடுக்கப் போனபோது காகிதப் பை அப்பா மடியில் இருந்தது. காற்றுக்குழாய்க்கு அழுத்தமாகக் கோடு போட்டிருந்தார். என் அறை வழியாக.

"மேல எடுத்து வெச்சதையெல்லாம் இருந்த இடத்துல வெச்சிரு."

"அவனே சொன்னானேப்பா. நீங்களும்தான கேட்டீங்க."

"நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதுன்னு சொல்றான். சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான். தன்னைப் பத்தி நினைக்கவே மாட்டான்."

கையில் வாளியை வைத்துக்கொண்டு இதைக் கேட்டேன். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். அவரால் மாடி ஏற முடியாது, ட்ராய் அறைத் தரையையே அறுத்திருக்கலாம். ஆனால் ரம்பச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று கீழே படுத்தபடியே அவருக்குத் தெரியும். நகராட்சி அனுமதியும் அவர் பேரில். அவர் மாட்டேன் என்றால் பாத்ரூமே கிடையாது, வாளிதான். எனக்கு வாளி போக வேண்டும். வாளி போனால் என் அறையும் போகட்டும் என்று நினைத்தேன்.

அந்தக் கோடைக்காலம் முழுக்க அறுத்தவள், ஒட்டியவள், கூரைமேல் ஏறி ஓட்டை போட்டவள் எல்லாம் நான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் காட்டினார். குழாய்களில் கூரைவரை தண்ணீர் நிரப்பிக் கிவெலா சோதித்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"யாரு ஒட்டினது? பிரமாதம்."

"நான் சொல்லச் சொல்ல இவ செஞ்சா," என்றார் அப்பா. "ட்ராய் இருந்திருந்தா ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கும்."

அப்படியாக என் அறையில் தரையிலிருந்து கூரைவரை ஒரு வெள்ளைக் குழாய் நிற்கிறது, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி. கட்டிலைப் போட வேறு இடமில்லை, அதனால் குழாய் என் தலைமாட்டில். கீழே அப்பா ஃப்ளஷ் இழுத்தால் மேலே அது காற்றை உள்ளே இழுக்கும். யாரோ பக்கத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். எத்தனை மணிக்குப் போனார், எத்தனை தடவை போனார் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நவம்பரில், நன்றிகூறும் நாள் விருந்துக்கு ட்ராய் மனைவியோடு வந்தான். மோட்டலில் தங்கினார்கள். பழைய அறைத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். அப்பா காலையிலேயே என்னை அனுப்பி அவன் படுக்கைக்குப் புதுவிரிப்பு போட வைத்திருந்தார். ட்ராய் மாடிப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வான்கோழியை அறுக்கும் நேரத்தில் எழுந்து புது பாத்ரூமுக்குப் போனான். நான் அப்போது மாடியிலிருந்து கூடுதல் நாற்காலி எடுத்து வரப் போயிருந்தேன். என் தலைமாட்டில் குழாய் பெரிதாக மூச்சு வாங்கியது.

நான் நாற்காலியோடு இறங்கி வந்தபோது அவன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டிருந்தான்.

"சூப்பரா இருக்குப்பா. யாரு டிசைன்?"

"நான்தான்," என்றார் அப்பா. எத்தனையோ மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

"கொஞ்சம்கூட நாத்தமே இல்லியே."

"இருக்காது ட்ராய்," என்றேன். "அதெல்லாம் என் கட்டில் வழியா மேல போயிடுது."

ட்ராய் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவன் மனைவி தட்டைப் பார்த்தாள்.

"அந்தக் கிரேவிய அவன் பக்கம் தள்ளும்மா," என்றார் அப்பா. "அவன் தட்டு காஞ்சு கெடக்கு."

தள்ளினேன்.